புளியாரையும் அதன் பங்காளிகளும்

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கத் தொடங்கினால், குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சியில் வயலுக்கு முன்பே வீட்டு முற்றம் பச்சை கட்டிவிடும். குரோட்டன்ஸ் தொட்டியின் விளிம்பு, துளசி மாடத்தின் அடி, சிமெண்டுத் தளத்தில் விட்ட விரிசல், குழாய் சொட்டும் இடம் என்று எங்கே பார்த்தாலும் மூன்று மூன்றாய் இதய வடிவ இலைகள் தலைகாட்டும். புளியாரை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே தமிழகத்தின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆடியில் சங்கரன்கோவில் பக்கம் காற்றில் மண் பறக்கும்போது, அதே நாளில் இலஞ்சியிலும் குற்றாலத்திலும் சாரல் அடிக்கும். மலையில் உள்ள இடைவெளி செய்கிற வேலை இது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வருடத்தில் இரண்டு முறை மண் ஊறி, வெயில் மட்டுப்பட்டு, நிழல் குளிர்ந்துவிடுகிறது. புளியாரைக் குடும்பத்துச் செடிகள் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். அதனால் இங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் அந்தக் குடும்பத்தில் மூன்று வகையை ஒரே முற்றத்தில் பார்க்க முடிகிறது: தானாய் வந்த மஞ்சள் பூப் புளியாரை, நர்சரித் தொட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்த இளஞ்சிவப்புப் பூக்காரி, ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கிய ஊதா இலைக்காரி.

மூன்றும் ஆக்சாலிஸ் என்ற ஒரே பேரினம். உலகில் இதில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தென் அமெரிக்காவையும் தென் ஆப்பிரிக்காவின் கேப் பகுதியையும் சேர்ந்தவை. தோட்டக்காரர் ஒன்றைக் களை என்கிறார், இன்னொன்றை அழகு என்கிறார். எனக்கு அந்தப் பிரிவினை போதவில்லை. இலையையும் பூவையும் வைத்து இந்தச் செடிகளை எடைபோட்டால் தவறான செடியைப் பிடுங்கி, பிடுங்க வேண்டியதை வளர்த்துவிடுவோம். அது தன் வம்சத்தை எப்படிப் பெருக்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு மண்ணைக் கொஞ்சம் கிளறியாக வேண்டும்.

முதலில் நம் புளியாரை. 1753இல் லின்னேயஸ் இதற்கு ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா என்று பெயரிட்டார். இதன் தாயகம் எது என்பதில் தாவரவியலாளர்களுக்குள் இன்றும் வழக்கு முடியவில்லை. மனிதர் போன இடமெல்லாம் அவ்வளவு காலமாகக் கூடவே போயிருக்கிறது. கண்ணாடி வீட்டுக்குள் செடி வளர்க்கும் ஐரோப்பிய நர்சரிகளிலும் இது தீராத தலைவலி. தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். ஆளுயரம் வளரும் எண்ணமே இல்லாததால் மிதித்தாலும், புல்லோடு சேர்த்து வெட்டினாலும் அதற்குப் பெரிய நட்டமில்லை.

புல்தரையில் இதோடு கலந்து சிறுபுள்ளடியும் வளரும். அதுவும் மூன்று சிற்றிலை கொண்டதுதான். பயறு குடும்பத்துச் செடி. இலையைக் கிள்ளி முன்பல்லில் கடித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும், புளித்தால் புளியாரை. கடிக்க மனமில்லாதவர்கள் சிற்றிலையின் நுனியைப் பார்க்கலாம். புளியாரையில் நடுவில் நன்றாக உள்வாங்கி இதய வடிவம் தெளிவாக இருக்கும். பூவைக் கையில் எடுத்தால் எல்லாமே ஐந்தின் கணக்கு. ஐந்து புல்லிதழ், ஐந்து மஞ்சள் இதழ், ஐந்து நெட்டையும் ஐந்து குட்டையுமாகப் பத்து மகரந்தத் தண்டு, ஐந்து சூல்தண்டு. சுண்டு விரல் நகத்துக்குள் அடங்கிவிடும் பூவில் இவ்வளவையும் ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பூவின் பாகங்களைச் சொல்லிக்கொடுக்கச் செம்பருத்தியையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்தச் செடியின் சூட்சுமம் காயில் இருக்கிறது. ஐந்து விளிம்போடு நிமிர்ந்து நிற்கும் மெல்லிய காய், நன்றாக முற்றியதும் விரலால் லேசாகத் தொட்டால் போதும், பட்பட்டென்று விதைகள் தெறிக்கும். முகம் பக்கத்தில் இருந்தால் கன்னத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். காய் வெடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். காயின் பக்கவாட்டில் ஒரு கீறல் திறக்கிறது, அவ்வளவே. தெறிக்க வைக்கும் விசை ஒவ்வொரு விதையையும் சுற்றியுள்ள வெண்ணிற, ஒளி ஊடுருவும் உறைக்குள் இருக்கிறது. அந்த உறையின் வெளிப்பக்கச் செல்கள் நீரால் புடைத்து நிற்கின்றன. உள்பக்க அடுக்கு விரிய மறுக்கிறது. விதை முற்ற முற்ற இந்த இழுபறி கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் உறை ஒரு பக்கம் கிழிகிறது. நனைந்த சட்டையின் கையைச் சட்டென்று வெளிப்புறமாய்ப் புரட்டுவது போல, உறை கண்ணிமைக்கும் நேரத்தில் உள்வெளியாய்ப் புரண்டு விதையை எறிந்துவிடுகிறது. விதை ஒரு மீட்டருக்கும் அப்பால் போய் விழும். வெறும் தண்ணீரின் அழுத்தத்தில் நடக்கும் வேலை இது. அதனால்தான் சாரல் காலத்துக் காய்கள் அவ்வளவு துடிப்பாக இருக்கின்றன.

விதையின் மேல் குறுக்கே வரிவரியாய் மேடு பள்ளம் உண்டு. ஈரமாய் இருக்கும்போது செருப்பின் அடியிலும், தொட்டியின் சுவரிலும், ஆட்டின் காலிலும் ஒட்டிக்கொள்ளும். முளைக்க வெளிச்சம் வேண்டும். மேல்மண்ணில் கிடப்பது முளைக்கும், ஆழத்தில் புதைந்தது காத்திருக்கும். நாம் கொத்திவிட்டு மண்ணைப் புரட்டும்போது காத்திருந்ததை மேலே கொண்டுவந்து வெளிச்சம் காட்டுகிறோம். கொத்தக் கொத்தப் புளியாரை கூடுகிறதே என்று சலித்துக்கொள்பவர்களுக்கு விடை இதுதான். தொட்டி மண்ணின் மேல் இரண்டு விரற்கடை தேங்காய் நாரையோ காய்ந்த இலையையோ பரப்பினால் வெளிச்சம் மறைந்துபோய் முளைப்பது வெகுவாகக் குறையும். காய் முற்றும் முன் கையால் பிடுங்கினால் மீதியும் முடிந்தது. முற்றிய காயோடு பிடுங்கினால், பிடுங்குகிற கையே விதைக்கிற கையாகிவிடும்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் புளியாரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்று சிற்றிலையும் குடை மடிக்கிற மாதிரி கீழ்நோக்கிச் சாய்ந்து காம்பை ஒட்டிக்கொள்ளும். உச்சி வெயில் நேரடியாக அடித்தாலும் இதே மடிப்புதான். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஒரு சிறு மூட்டு இருக்கிறது. அதன் ஒரு பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும்போது நீரும் கூடவே வெளியேறி அந்தப் பக்கம் தளர்கிறது. எதிர்ப்பக்கம் புடைத்தே இருப்பதால் இலை சாய்கிறது. தசையும் நரம்பும் இல்லாத உடல் தண்ணீரை இடம் மாற்றியே அசைகிறது. விதையை எறிவதும் இலையை மடிப்பதும் ஒரே தத்துவத்தின் இரண்டு பயன்பாடுகள் என்று முதலில் புரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! இருட்டு அறையில் வைத்தாலும் சில நாட்களுக்கு இலை தன் நேரத்துக்கு மடிந்து திறக்கும். உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

இரவில் ஏன் மடிய வேண்டும்? 1880இல் சார்லஸ் டார்வின் தன் மகன் பிரான்சிஸின் துணையோடு வெளியிட்ட 'தாவரங்களின் அசையும் ஆற்றல்' என்ற நூலில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆக்சாலிஸ் இலைகளில் சிலவற்றைக் கார்க் கட்டையில் ஊசி குத்தி விரித்தபடியே நிறுத்தி, மற்றவற்றை வழக்கம்போல மடிய விட்டு, குளிர்ந்த தெளிந்த இரவுகளில் வெளியே வைத்தார். விரிந்து நின்றவை அதிகம் கருகின. திறந்த வானத்தை நோக்கிக் கிடக்கும் இலை தன் வெப்பத்தை இழந்துவிடுகிறது. மடிந்த இலை காத்துக்கொள்கிறது என்பது அவர் முடிவு. உறைபனியே காணாத இலஞ்சியில் இந்தக் காரணம் எவ்வளவு பொருந்தும் என்று கேட்கலாம். இங்கே பகல் மடிப்புதான் உயிர் காக்கும் மடிப்பு. கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் ஆழ்ந்த நிழலில் வளரும் ஓர் ஆக்சாலிஸ் மீது 1981இல் நடந்த ஆய்வில், கிளைகளின் இடைவெளி வழியே வெயில் கீற்று விழுந்த சில நிமிடங்களில் இலைகள் மடிவதும், கீற்று நகர்ந்ததும் திறப்பதும் பதிவாயின. நிழலுக்குப் பழகிய இலையின் பச்சையம் கடும் வெயிலில் கெட்டுவிடும், அதற்கு முன் இலை ஒதுங்கிக்கொள்கிறது. தென்னை நிழலில் நிற்கும் நம் புளியாரையிடமும் இதைக் காணலாம். ஓலை ஆடும் காற்றில்லாத ஒரு நாளில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இதே குடும்பத்தில் இன்னும் வேகக்காரி ஒருத்தி இருக்கிறாள். சிறு தென்னம்பிள்ளை வடிவில், உச்சியில் இலைகளை வட்டமாய் விரித்து, நடுவில் மஞ்சள் பூ வைத்திருக்கும் அந்தச் செடியைத் தமிழில் தீண்டாநாழி என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் முக்குற்றி. தொட்டால் சிற்றிலைகள் சாய்ந்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நூலிலேயே இதன் படம் உண்டு. ஜகதீச சந்திர போஸ் தாவரங்களின் துடிப்பை அளக்கத் தேர்ந்தெடுத்த செடிகளில் தொட்டாற்சுருங்கியோடு இதுவும் ஒன்று. நமக்கு ஆடிச் சாரல் அடிக்கும் காலம்தான் மலையாளத்தில் கர்க்கடக மாதம். அப்போது பெண்கள் முக்குற்றி இலையை அரைத்து நெற்றியில் பொட்டிடுவார்கள், தசபுஷ்பம் என்ற பத்துச் செடிகளில் அதுவும் அடக்கம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். கணவாய்க்கு இருபுறமும் சொந்தபந்தம் உள்ள குடும்பங்களுக்கு இந்தச் செடி அறிமுகமே.

புளிப்புக்கு வருவோம். புளியாரையைப் புளிக்க வைப்பது ஆக்சாலிக் அமிலமும் அதன் உப்புகளும். வேதியியல் வரலாற்றில் இந்த அமிலத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. புளிப்பு இலைகளிலிருந்து கிடைத்த அமிலமும், சர்க்கரையை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துப் பெற்ற அமிலமும் ஒன்றே என்று 1784இல் வேதியியலாளர் ஷீலே காட்டினார். 1824இல் வோலர், உயிருள்ள எதன் துணையுமில்லாமல் சயனோஜன் வாயுவிலிருந்து அதைத் தயாரித்துவிட்டார். யூரியாவைச் செய்து அவர் புகழ்பெற்றது இதற்கு நான்கு ஆண்டு கழித்துத்தான். பாடப்புத்தகங்கள் யூரியாவை நினைவில் வைத்துக்கொண்டு இதை மறந்துவிட்டன, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கறுத்த செப்புக் காசை எடுத்து, ஒரு கைப்பிடி புளியாரையைக் கசக்கித் தேய்த்துப் பாருங்கள், பளபளவென்று வந்துவிடும். உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை அமிலம் கரைத்து எடுக்கிறது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி தீர்ந்துபோன நாளில் இதைப் பறித்துத் தேய்க்கும் ஆச்சிகள் இருந்தார்கள்.

அவர்கள் துவையலும் அரைத்தார்கள். நல்லெண்ணெயில் மிளகாய், உளுந்து வறுத்து, புளி சேர்க்காமல் புளியாரையை வதக்கி அரைத்தால், சுடுசோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். "வயித்துக்கு ஒத்துக்கிடலன்னா இதை அரைச்சுப் போடு தாயி" என்பது எங்கள் தெருவில் காலங்காலமாகச் சொல்லப்படும் வார்த்தை. சித்த மருத்துவத்தில் கழிச்சலுக்கும் செரியாமைக்கும் இது பேசப்படுகிறது. ஆயுர்வேதத்தில் சாங்கேரி என்ற பெயரில் இதன் சாறு சேர்த்துக் காய்ச்சும் நெய்யே ஒன்று உண்டு. எப்போதாவது ஒரு துவையல் ஆரோக்கியமானவரை ஒன்றும் செய்யாது. ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஒதுங்கியிருக்க வேண்டும். ஆக்சலேட் உடலில் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிகமாகிறது, கற்களில் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட்தான். கீரையைக் கொதிக்க வைத்துத் தண்ணீரை வடித்தால் கரையும் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும். தயிரோடு உண்டால் அதன் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

குற்றாலச் சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான் கூறு கட்டி விற்கும் கடைகளில் ஐந்து முனை நட்சத்திரப் பழமும் கிடைக்கும். நம் பழைய பெயர் தமரத்தங்காய். மரமாய் வளர்ந்தாலும் அதுவும் புளியாரைக் குடும்பமே. பூவில் அதே ஐந்தின் கணக்கைக் காணலாம். கேரளத்தில் மீன்குழம்புக்குப் போடும் பிலிம்பிக் காயும் அதன் தங்கை. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. ஆக்சலேட்டோடு நரம்பைத் தாக்கும் காரம்பாக்சின் என்ற நஞ்சும் அதில் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் அறிவித்தார்கள். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. அதே 2013இல், கொழுப்பு குறையும் என்று நம்பிப் பிலிம்பிச் சாற்றை அளவுக்கு மீறிக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதினார்கள். இயற்கையாய் விளைந்தது எதுவும் செய்யாது என்ற நம்பிக்கையில் வெறும் வயிற்றில் சாறு பிழிந்து குடிக்கும் பழக்கம் இப்போது எல்லா ஊரிலும் பரவியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி மண்ணுக்குள் போக வேண்டிய செடி. மலைப்பகுதி நர்சரியிலிருந்து வரும் ரோஜா, ஹைட்ராஞ்சியா தொட்டிகளின் மண்ணில் ஒளிந்து வரும் இளஞ்சிவப்புப் பூ ஆக்சாலிஸ். முதல் வருடம் எல்லாருக்கும் பிடிக்கும். பெரிய பெரிய இலை, மெல்லிய காம்பின் உச்சியில் குடையாய்ப் பூங்கொத்து. "பூ நல்லாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்பார்கள். மூன்றாவது வருடம் ரோஜாவைத் தேட வேண்டியிருக்கும்.

இதில் இரண்டு இனம் உண்டு. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த லாட்டிஃபோலியா. தென் அமெரிக்காவின் டெபிலிஸ். முன்னதன் சிற்றிலை அகன்று மீன் வால் பிளந்தது போலிருக்கும். பின்னதன் சிற்றிலை உருண்டையாய், அடிப்பக்க விளிம்பில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளோடு இருக்கும். இரண்டுக்கும் தரைக்கு மேல் தண்டு கிடையாது. இலையும் பூவும் நேராகக் கிழங்கிலிருந்தே கிளம்பும். இதுதான் புளியாரையிலிருந்து பிரித்தறியச் சுலபமான அடையாளம்.

ஒரு கொத்தை மண்ணோடு தோண்டியெடுத்து வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நடுவில் ஒரு தாய்க் கிழங்கு. டெபிலிஸ் என்றால் அதைச் சுற்றி மிளகு அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் பழுப்புக் குட்டிக் கிழங்குகள் அப்பிக்கொண்டிருக்கும். காம்பில்லாமல் வெறுமனே ஒட்டியிருப்பதால் தொட்டவுடன் பொலபொலவென்று உதிரும். லாட்டிஃபோலியா என்றால் மெல்லிய வெண்ணிற ஓடுதண்டுகள் பக்கவாட்டில் கிளம்பி, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு குட்டி. தாய்க்கு அடியில் கண்ணாடி மாதிரித் தெளிந்த, பருத்த ஒரு வேர் இறங்குகிறது. சிறு முள்ளங்கி என்று நினைக்கத் தோன்றும். அது நீரும் உணவும் சேமிப்பதோடு நிற்பதில்லை. வளர்ச்சி முடியும் தறுவாயில் அது சுருங்குகிறது. சுருங்கும்போது கிழங்கை ஆழத்துக்கு இழுத்துக்கொள்கிறது, சுற்றிலும் வெற்றிடம் விட்டுக் குட்டிகள் மண்ணுக்குள் சிதற வழியும் செய்கிறது. களைக்கொத்து எட்டும் ஆழத்தைத் தாண்டிய பிறகு செடிக்கு என்ன கவலை? கோரைக்கிழங்கோடு மல்லாடிய விவசாயிக்கு இந்தக் கதை புதிதல்ல.

வியப்பு என்னவென்றால், இவ்வளவு பெருகும் இந்தச் செடி நம் முற்றங்களில் காய்ப்பதே இல்லை. காரணத்தை விளக்கியவரும் டார்வின்தான். 1877இல் வந்த நூலில், ஆக்சாலிஸ் இனங்கள் பலவற்றில் மூன்று வகைப் பூ இருப்பதை அவர் விவரித்தார். சூல்தண்டு நெட்டையாய் உள்ள செடி, நடுத்தரமாய் உள்ளது, குட்டையாய் உள்ளது. ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகைப் பூவில்தான் சரியாகப் பலிக்கும். சொந்த வகைக்குள் பலிப்பது அரிது. கடல் கடந்து வந்தது ஒரே வகை. துணை இல்லை, விதை இல்லை. இருந்தும் ஒரே செடியின் நகல்கள் குட்டிக் கிழங்கு வழியாகவே தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டன. தென் ஆப்பிரிக்காவின் மஞ்சள் பூ ஆக்சாலிஸ் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மால்டா தீவுக்கு வந்து, பெரும்பாலும் கிழங்கை மட்டுமே நம்பி மத்தியதரைக் கடற்கரை நெடுகிலும் படர்ந்தது. வசந்தத்தில் அங்கே ஆலிவ் தோப்புகளின் அடியெல்லாம் மஞ்சளாய்த் தெரிவது அதுதான்.

வெளிநாட்டுச் செடி என்பதால் நான் இதன்மேல் கோபப்படவில்லை. குற்றாலம் வெளியூர்ச் செடிகளை வாழவைத்த இடம். கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்துப் பார்த்தது. 1830களில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர்–தாவரவியலாளர் இந்த மலையின் செடிவளத்தில் சொக்கிப்போய் மாதிரிகளைத் திரட்டினார். ஜாதிக்காய் நட்ட இடத்தில் நிற்கிறது. மங்குஸ்தானும் அப்படியே. இளஞ்சிவப்பு ஆக்சாலிஸ் நட்ட இடத்தில் நிற்பதில்லை, வித்தியாசம் அங்கேதான்.

அதை எடுக்க ஒரு நேரம் இருக்கிறது. முதல் சாரலில் முளைக்கும்போது தாய்க் கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் இலைக்குச் செலவழித்து மெலிந்துபோகிறது. புதுக் குட்டிகள் அப்போது இன்னும் உருவாகியிருக்காது. நாலைந்து இலை விட்டிருக்கும் அந்தச் சில வாரங்களே செடி பலவீனமாய் இருக்கும் காலம். அப்போது மண்கட்டியோடு ஆழமாய்த் தோண்டி எடுத்துவிட வேண்டும். பூத்து ஓய்ந்த பிறகு தோண்டினால் உதிரும் குட்டிகளை நாமே பரப்பியதாகும். இலையை மட்டும் கிள்ளிக்கொண்டே வந்தாலும் கிழங்கு பட்டினியில் மெலியும், பொறுமை வேண்டும். மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவது ஆகவே ஆகாது. எடுத்ததை உரக்குழியில் போடக்கூடாது. சிமெண்டுத் தளத்தில் பரப்பிச் சுருங்கக் காயவைத்து எரித்துவிடலாம். களைக்கொல்லி அடித்தால் இலை கருகும், தாயிடமிருந்து பிரிந்து உறங்கும் குட்டிகளுக்கு அது தெரியவே தெரியாது. தொட்டி மண் என்றால் சித்திரை வெயிலில் உலர்த்திச் சலித்துவிடுவது நல்லது. பாத்தி என்றால் நன்றாக நனைத்து, கண்ணாடித்தாள் பாலித்தீனை விளிம்பு மண்ணுக்குள் புதையுமாறு விரித்து, சித்திரை, வைகாசியில் நாலிலிருந்து ஆறு வாரம் விட்டால் மேல்மட்டத்தில் உள்ளவை வெந்துவிடும். ஆழத்தில் தப்பியதை அடுத்த சாரல் காட்டிக்கொடுக்கும்.

ஊதா இலைக்காரிக்கு, அதாவது ஆக்சாலிஸ் டிரையாங்குலாரிஸுக்கு, இந்தக் கொடுமை தேவையில்லை. பிரேசில் பக்கத்துச் செடி. தலைகீழ் முக்கோணச் சிற்றிலைகள் மூன்றும் மாலையில் மடியும்போது வண்ணத்துப்பூச்சி சிறகு மூடியது போல இருப்பதால் நர்சரிகளில் பட்டர்பிளை செடி என்றே விற்கிறார்கள். ஊதா நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது, கத்தரிக்காய்த் தோலில் உள்ள அதே வகை. மண்ணுக்குள் செதில் மூடிய நீண்ட கிழங்கு. மிளகுபோல் உதிரும் குட்டிகளின் படை இதற்குக் கிடையாது. தொட்டிக்குள் வைத்தால் தொட்டிக்குள் நிற்கும். கிழக்கு வெளிச்சம் விழும் திண்ணை இதற்குப் பிடித்த இடம். பங்குனி, சித்திரையில் இலை வாடி மொத்தமும் சுருண்டுவிடும். செத்துவிட்டது என்று தூக்கிப்போடுகிறார்கள், பாவம், அது தூங்குகிறது. நீரை நிறுத்தி நிழலில் வைத்துவிட்டால் சாரல் வந்ததும் தானே இலை விடும். இணையத்தில் அதிர்ஷ்டச் செடி என்று நாலிலை ஆக்சாலிஸ் ஒன்றும் விற்கிறார்கள், இலை நடுவில் கரும்பட்டை ஓடும். அது மெக்சிகோவின் டெட்ராஃபில்லா; ஓடுதண்டு முனையில் குட்டி போடும் சாதி. வாங்கினால் தொட்டியைத் தரைமண்ணில் வைக்காமல் ஓட்டின் மேலோ தட்டின் மேலோ வையுங்கள்.

புளியாரைக்கே திரும்ப வந்தால், அதை முழுதாய் ஒழிப்பதை நான் விரும்பவில்லை. தரையை ஒட்டித் தாழப் பறக்கும் சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று, சூடோசிசீரியா மகா என்பது, முட்டையிடுவது இந்தச் செடியில்தான். புழு தின்பதும் இதன் இலையையே. 2011இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானிய ஆய்வாளர்கள் கதிர்வீச்சின் விளைவை அறியத் தேர்ந்தெடுத்த பூச்சியும் அதுவே. புழுக்களுக்கு அவர்கள் ஊட்டியதும் புளியாரைதான். அதே சமயம் மக்காச்சோளத்தைத் தாக்கும் துருப்பூஞ்சை தன் வாழ்க்கையின் ஒரு கட்டத்தை ஆக்சாலிஸ் இலையில் கழிக்கக்கூடியது என்பதை அமெரிக்காவில் ஆர்தர் என்ற ஆய்வாளர் 1904லேயே நிரூபித்திருக்கிறார். மக்காச்சோளக் காட்டு வரப்பில் புளியாரை இலையின் அடியில் ஆரஞ்சுக் கிண்ணங்கள் போன்ற புள்ளிகள் தென்பட்டால் அங்கே மட்டும் பிடுங்கிவிட வேண்டும். வீட்டில் தொட்டியிலும் நாற்றுப் பாத்தியிலும் காய் முற்றும் முன் எடுத்துவிடுகிறேன். கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு யாரும் கை வைப்பதில்லை. துவையலுக்கு அங்கிருந்துதான் பறிக்கிறோம், நீலப்பூச்சிக்கும் அங்கேதான் இடம்.